ரெண்டுல ஒண்ணு

அந்தத் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாத்திரையம்மா என்றால் பால்காரருக்கும் தெரியும், தபால்காரருக்கும் தெரியும். தெருமுனையில் இருக்கிற காய்ச்சல் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கிற ஜன்னல் அவளுடையது. கம்பிவலை அடித்த ஜன்னல். அடியில் ஒரு கை நுழைகிற அளவுக்கு அரைவட்டமாக ஓட்டை. அதற்கு உள்பக்கம், முதுகு சாய வழியில்லாத ஒரு ஸ்டூலில், கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். ரத்தம் பார்த்த சீட்டு ஓட்டை வழியாக உள்ளே வரும். சாதா மலேரியாவா, மூளைக்கு ஏறுகிற பொல்லாத வகையா என்று அதில் எழுதியிருக்கும். அதற்குத் தகுந்தபடி அட்டையைக் கத்தரித்து வெளியே நீட்டுவாள்.

"சாப்பிட்டுட்டுப் போடணும். காய்ச்சல் விட்டுடுச்சேன்னு நடுவுல நிறுத்தக் கூடாது. அட்டை காலியாகுற வரைக்கும் போடணும். புரியுதா?"

எல்லோருக்கும் புரியும். தலையை அப்படி ஆட்டுவார்கள். வாசல்படி இறங்கியதும் சொன்னதெல்லாம் காற்றோடு போய்விடும். கண்காணிக்க ஆள் இல்லாவிட்டால், உடம்பு கொஞ்சம் லேசானால் போதும், மிச்ச மாத்திரையை டிவிக்குப் பின்னால் சொருகி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிற ஜனம் அது. சொருகி வைத்தவர்களுக்குக் காய்ச்சல் சொல்லிவைத்தாற்போலத் திரும்பி வரும். வந்ததும் மாத்திரையைத்தான் திட்டுவார்கள்.

வேலையில் மாத்திரையம்மாவைக் குறை சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன்பே மருந்தாளுநர் படிப்பை முடித்தவள். புகுந்த வீட்டில் வேலைக்குப் போவதைப் பற்றி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது, அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் பரீட்சை எழுதி வேலை வாங்கினாள். வெள்ளைக் கோட்டைத் தானே துவைத்துத் தானே இஸ்திரி போடுவாள். வேறு யாரையும் தொடவிட மாட்டாள். கோட்டுப் பையில் பேனா குத்தியிருக்கும். அந்தக் கோட்டோடு தெருவில் நடக்கும்போது மட்டும் அவள் நடையே வேறு.

குறை அவளுக்குத்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒருவர்கூடத் திரும்பி வந்து, "உங்களாலதான் பொழச்சேன்" என்று அந்த ஓட்டை வழியாகச் சொன்னதில்லை. சம்பளம் மாசாமாசம் வந்துவிடுகிறது. இந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை. வார்த்தைக்கு என்ன பஞ்சமா என்று கேட்டால், இல்லை. அது ஏராளமாகவே வந்துகொண்டிருந்தது. ஆனால் ஜன்னலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, நேராக அவள் ஓரகத்தியின் சமையலறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஓரகத்தி என்றால் கொழுந்தன் பெண்டாட்டி. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர். வாசல் ஒன்று, பின்பக்கக் குழாய் ஒன்று, சமையலறை மட்டும் இரண்டு. கொழுந்தனுக்குக் கப்பலில் வேலை. வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்துபோவான். அவளோ எந்நேரமும் பாதி அவிழ்ந்த கொண்டையும், எதற்கெடுத்தாலும் சிரிப்புமாக இருப்பாள். படிப்பு ஏறவில்லை. ஏறவில்லையே என்ற கவலையும் அவளுக்கு ஏறவில்லை.

ஒருமுறை கப்பல்காரன் காய்ச்சலோடு வந்து படுத்தான். மாத்திரை கொடுத்தவள் அண்ணிதான். வாயில் போட்டவுடன் குமட்டிக்கொண்டு வருகிறது என்று அவன் முரண்டு பிடிக்க, ஓரகத்தி வேப்பிலை, இஞ்சி, மிளகு, இன்னும் கைக்குக் கிடைத்த இரண்டு கசப்பு இலைகளை இடித்துப் போட்டுச் சுண்டக் காய்ச்சி, வெல்லம் தொட்டுக் கொடுத்தாள். அவன் எழுந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் சும்மா இருக்கக் கூடாதா? தெருவெல்லாம் போய், "எம் பொண்டாட்டி கஷாயத்துல எழுந்தேன்" என்று தம்பட்டம் அடித்துவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டான். அன்றிலிருந்து அவள் கஷாயக்கா.

இப்போது காய்ச்சல் காலம் வந்தால் கஷாயக்காவின் சமையலறை வாசலில் கூட்டம் மொய்க்கும். ஆளுக்கொரு டம்ளர் எடுத்து வருவார்கள். இடிக்கிற சத்தம் சுவர் வழியாக வரும், வாசனை ஜன்னல் வழியாக வரும், சிரிப்பு எல்லா வழியாகவும் வரும். கஷாயக்கா காசு வாங்க மாட்டாள். மாத்திரையம்மாவுக்கு அதுவும் எரிச்சல். காசு வாங்கினாலாவது நாலு பேரிடம் சொல்லித் திட்டலாம்.

உடம்பு தேறியவர்கள் வெறுங்கையோடு வருவார்களா? முட்டைக்காரர் தேறியதும் ஒரு தட்டு முட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தையல்காரி தேறியதும் கஷாயக்காவுக்கு ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள், அதுவும் கை வைத்து ஓரத்தில் பூப்போட்டு. இரண்டு பேருக்கும் மாத்திரை கொடுத்தது யார்? இந்தக் கை. பொல்லாத வகை என்று சீட்டில் பார்த்ததும், வரிசையில் நின்ற முட்டைக்காரரை முன்னால் கூப்பிட்டு, அந்த இடத்திலேயே முதல் மாத்திரையை முழுங்க வைத்தது யார்? இந்தக் கைதான். அதற்கு ஒரு முட்டை உண்டா?

முட்டை வந்தது. கஷாயக்காதான் கொண்டுவந்தாள். "அக்கா, எனக்கு எதுக்கு இவ்ளோ? பாதி நீங்க வெச்சுக்குங்க" என்று தட்டை நீட்டினாள். மாத்திரையம்மாவுக்கு நெஞ்சில் நெருப்பை அள்ளிக் கொட்டியது மாதிரி இருந்தது. வேண்டாம் என்று சொன்னால் பொறாமை என்று நினைப்பாள். வாங்கினால் பிச்சை மாதிரி இருக்கும். வாங்கினாள். வேகவைத்து உரித்து வைத்துக்கொண்டு, அதை முறைத்துப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். புருஷன் வந்து ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நல்லாருக்கே, ஏது?" என்று கேட்டான். அன்றைக்கு அவனோடு அவள் பேசவில்லை.

புருஷன் செங்கல் சூளையில் லாரி ஓட்டுகிறவன். மண் எடுத்த பள்ளமெல்லாம் மழைத்தண்ணீர் நிற்கும் இடம். கொசுவுக்குக் கேட்க வேண்டுமா? போன வருஷம் அவனுக்கும் காய்ச்சல் கண்டது. மாத்திரையம்மா தன் கையால் மாத்திரை கொடுத்தாள். அவன் அதை வாங்கிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டு வந்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு, "அவ கஷாயம் உள்ள போனதும்தான் ஒரு தெம்பு வருது" என்றான். கட்டின பெண்டாட்டி முன்னால் நின்று சொல்கிற பேச்சா அது?

இன்னொன்றும் அவள் கண்ணை உறுத்தியது. பின்பக்கம் கஷாயக்காவின் குப்பைக் கூடையில் இலைச் சக்கையோடு வெள்ளி வெள்ளியாகக் காலி அட்டைகள் கிடக்கும். தான் கத்தரித்துக் கொடுத்த அட்டைகள்தான், ஓரத்தைப் பார்த்தாலே தெரியும். என்னிடம் மாத்திரையை வாங்கிக்கொண்டு, குப்பையைக்கூட அவள் வீட்டில்தான் போடுவார்களா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் அங்கே கிடக்கிறது என்று ஒருநாளாவது கேட்டிருக்கலாம். பொறாமைக்குக் கேட்கத் தெரியாது, பார்க்கத்தான் தெரியும்.

அந்த வருஷம் ஆஸ்பத்திரிக்குப் புது டாக்டர் வந்தார். வந்தவர் பழைய சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு மாத்திரையம்மாவின் ஜன்னலுக்கே வந்தார். "இங்க மட்டும் காய்ச்சல் திரும்பி வர்றவங்க ரொம்பக் கம்மியா இருக்காங்களே. எப்படிம்மா?" என்று கேட்டார். மாத்திரையம்மாவுக்கு ஒரு நிமிஷம் உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நான் ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லி..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் வரிசையில் நின்ற தையல்காரி, "எல்லாம் கஷாயக்கா கைராசி டாக்டர்!" என்று கத்தினாள். வரிசையே ஆமாம் போட்டது. மாத்திரையம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

டாக்டர் கஷாயக்காவை வரச் சொன்னார். அவள் தையல்காரி கொடுத்த அதே ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு பாட்டிலோடு வந்தாள். டாக்டர் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். முதுகு சாய்கிற, கை வைத்த நாற்காலி! இத்தனை வருஷமாக ஸ்டூலில் உட்கார்ந்து இடுப்பு ஒடிந்தவள் ஜன்னல் உள்ளிருந்து அந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் பேசியதில் பாதிதான் காதில் விழுந்தது. டாக்டர் பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது காய்ச்சல் கிருமியைக் கொல்லுமான்னு எனக்குத் தெரியாதும்மா. இதை நம்பி யாரும் மாத்திரையை மட்டும் விட்டுடக் கூடாது" என்றார். கஷாயக்கா, "விட மாட்டாங்க டாக்டர், அதுக்கு நான் பொறுப்பு" என்று சிரித்தாள். பொறுப்பாம்! யார் மாத்திரைக்கு யார் பொறுப்பு? பிறகு டாக்டர் பேச்சுவாக்கில், இப்போது கொடுக்கிற மாத்திரையே ஒரு செடியிலிருந்து எடுத்ததுதான் என்றார். மாத்திரையம்மா கையிலிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். இதுவும் அவள் பக்கத்துச் சொந்தம்தானா என்று தோன்றியது.

அன்றைக்கு அவள் வாய் திறந்தது. ஓட்டை வழியாக முதல் அட்டையை நீட்டும்போதே சொன்னாள்.

"இங்க பாரு. மாத்திரையும் கஷாயமும் கலந்தா ஈரல் கெட்டுடும். ரெண்டுல ஒண்ணுதான். எதுன்னு நீயே முடிவு பண்ணிக்க."

ஈரல் கெடும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. எந்தப் புத்தகத்திலும் அவள் படிக்கவில்லை. ஆனால் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஒன்றைச் சொன்னால் அதை யார் எதிர்த்துக் கேட்பார்கள்? ரெண்டில் ஒன்று என்றால் எல்லோரும் மாத்திரையைத்தான் பிடித்துக்கொள்வார்கள், கஷாயக்காவின் வாசல் காற்றாடும் என்று கணக்குப் போட்டாள். வரிசையில் வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள். வீட்டில் சோறு போடும்போது புருஷனிடமும் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

கணக்கு அவள் நினைத்த மாதிரி போகவில்லை. முட்டைக்காரரின் மகள் சீட்டோடு வந்தாள், சொன்னதைக் கேட்டுக்கொண்டாள், கொஞ்சம் யோசித்துவிட்டு, அட்டையை ஓட்டை வழியாகத் திருப்பித் தள்ளினாள். "அப்ப இது வேணாம்மா. எங்கப்பா கஷாயத்துலதான் எழுந்தாரு." மாத்திரையம்மாவுக்கு யாரோ பளாரென்று அறைந்தது மாதிரி இருந்தது. அவளை அதட்டி, டாக்டரிடம் பிடித்துக் கொடுத்து, அட்டையைக் கையில் திணித்து அனுப்பினாள். அனுப்பினாளே தவிர, சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை. மாற்றிச் சொன்னால் மூக்குடைபட்டது ஊருக்கே தெரிந்துபோகும் அல்லவா?

சாயங்காலம் குழாயடியில் கஷாயக்கா வந்து நின்றாள். வழக்கமான சிரிப்பைக் காணோம்.

"அக்கா, ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க? இப்ப பாதிப் பேரு எங்கிட்ட வர்றதில்ல. வர்றவங்க கையில அட்டை இல்ல. நான் என்ன பண்றேன்னா..."

"நீ என்ன பண்றேன்னு எனக்குத் தெரியும். படிச்சது நான்."

"அதில்லக்கா, ஒரு நிமிஷம் கேளுங்க..."

"எனக்குத் தலைக்கு மேல வேலை இருக்கு." குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கஷாயக்கா குழாயடியிலேயே நிற்பது முதுகுக்குப் பின்னால் தெரிந்தது. மனசுக்குள் ஒரு திருப்தி. நிற்கட்டும், ஒருநாளாவது நிற்கட்டும் என்றிருந்தது.

அந்த மாதம் காய்ச்சல் திரும்பி வந்தவர்கள் ஜாஸ்தி. மாத்திரையைத் தேர்ந்தெடுத்தவர்கள் உடம்பு லேசானதும் மிச்சத்தை டிவிக்குப் பின்னால் சொருகிவிட்டார்கள். கஷாயத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் மாத்திரையே வாங்கவில்லை. டாக்டர் சீட்டுகளை வைத்துக்கொண்டு மண்டையைப் பிய்த்துக்கொண்டார். மாத்திரையம்மா குனிந்த தலை நிமிராமல் அட்டை கத்தரித்தாள். கஷாயக்காவின் வாசலில் கூட்டம் பாதியாகிவிட்டது. அதைப் பார்க்கும்போது வந்த சந்தோஷம், சீட்டைப் பார்க்கும்போது இருந்த இடம் தெரியாமல் போனது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

இந்த நேரத்தில்தான் புருஷன் சூளையிலிருந்து போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்தான். லாரிக்காரனுக்குப் பல்லோடு பல் கிட்டியது. ரத்தம் பார்த்தார்கள். சீட்டு ஓட்டை வழியாக வந்தது. பொல்லாத வகை.

அட்டையைக் கத்தரிக்கும்போது அவளுக்குப் பயம் வந்தது உண்மை. ஆனால் பயத்துக்கு அடியில் இன்னொரு நினைப்பும் இருந்தது, அதை மறைப்பானேன்? இந்தத் தடவை இவன் என் மாத்திரையில் மட்டும் எழுந்திருப்பான், எழுந்து என்னைப் பார்த்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்வான் என்று நினைத்தாள். முதல் வேளையைப் பக்கத்தில் இருந்து கொடுத்தாள். அவன் முழுங்கினான். கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்ததை அவளிடம் சொல்லவில்லை. அடுத்த வேளைகளை எப்போது எப்போது போட வேண்டும் என்று நூறு தடவை சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் அட்டையில் அந்தந்த இடம் காலியாக இருக்கும். "போட்டாச்சு, போட்டாச்சு" என்பான். சமர்த்து என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் உச்சிவெயிலில் வரிசையைப் பிளந்துகொண்டு கஷாயக்கா ஜன்னலுக்கு வந்தாள். கொண்டை முழுசாக அவிழ்ந்து கிடந்தது, காலில் செருப்பு இல்லை. வரிசையில் ஆள் இருப்பது கண்ணில் படவில்லையா என்று மாத்திரையம்மா வாயெடுத்தாள். கஷாயக்கா மூடிய கையை ஓட்டை வழியாக உள்ளே நீட்டி விரித்தாள்.

உள்ளங்கையில் மாத்திரைகள் இருந்தன. பிரித்தெடுத்த, முழுங்காத, வியர்வையில் மஞ்சளாகக் கரைய ஆரம்பித்த மாத்திரைகள்.

"மாமா சட்டப்பையில இருந்துச்சுக்கா. பேச்சு குழறுது. என்னை யாருன்னு கேக்குறாரு. சீக்கிரம் வாங்க!"

அவள் எழுந்தபோது ஸ்டூல் பின்னால் விழுந்தது. டாக்டர் ஓடினார், அவளும் ஓடினாள், அந்த வெள்ளைக் கோட்டு வாசல் கொக்கியில் மாட்டிக் கிழிந்ததைப் பிற்பாடுதான் பார்த்தாள். கட்டிலில் கிடந்தவன் அவளைப் பார்த்து, லாரியை ஓரமாக நிறுத்தச் சொன்னான். கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆம்புலன்ஸில் டாக்டர் ஊசியைப் போட்டுக்கொண்டே, "மாத்திரை கொடுத்தோமே, ஏம்மா போடல?" என்று கேட்டார். கஷாயக்காதான் பதில் சொன்னாள்.

"என் தப்பு டாக்டர். நான் ஏமாந்துட்டேன்."

பெரிய ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள். வெளியே நீளமான பெஞ்சில் ஓரகத்திகள் இருவரும் உட்கார்ந்தார்கள். சொட்டுச் சொட்டாக ஊசி மருந்து இறங்க வேண்டும், கண் விழிக்கிறாரா பார்க்கலாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். கஷாயக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மாத்திரையம்மாவுக்கு அழுகை வரவில்லை. எதற்கு ஏமாந்தேன் என்று சொன்னாள் என்பதுதான் மண்டையைக் குடைந்தது. கேட்டாள்.

"வெறும் அட்டையைப் பாத்து ஊத்திட்டேங்க்கா. எப்பவும் அப்படிச் செய்ய மாட்டேன். எல்லாரும் எங்கிட்ட வந்து, என் கண்ணு முன்னால பிரிச்சு, முழுங்கி, காலி அட்டையை என் கூடையில போட்டாதான் டம்ளர்ல ஊத்துவேன். மாத்திரை போடாதவங்களுக்குக் கஷாயம் கிடையாது. அதான் சட்டம். இந்த மாசம் அட்டையில்லாம வந்தவங்களைத் திருப்பித்தான் அனுப்புனேன், அவங்களே வீட்டுல இலையக் காய்ச்சிக் குடிச்சிருக்காங்க. ரெண்டு வாரம் போடணும்னா ரெண்டு வாரமும் வருவாங்க. கஷாயத்துக்காகவாவது வருவாங்கல்ல? மாமா மட்டும் வெறும் அட்டையைக் கொண்டாந்து காட்டுனாரு. நம்ம அக்கா வீட்டுக்காரரு, அக்காவே போட வெச்சிருப்பாங்க, இவரைப் போய்ச் சந்தேகப்படுறதான்னு ஊத்திட்டேன்."

மாத்திரையம்மா எதிர்ச்சுவரைப் பார்த்தாள். இலைச் சக்கையும் வெள்ளி அட்டையும் கலந்து கிடந்த கூடை அந்தச் சுவரில் தெரிந்தது. தன் மாத்திரையைக் கடைசி வரை ஒவ்வொரு தொண்டைக்குள்ளும் இறக்கிவிட்டவள் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள். குழாயடியில் இதைத்தான் சொல்ல வந்திருக்கிறாள். தான்தான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனோம். அந்த நிமிஷத்தில் தன்மேல் வெறுப்பாக இருந்தது. அதோடு, அந்த யோசனை இவளுக்கு வந்ததே, எனக்கு வரவில்லையே என்று பொறாமையாகவும் இருந்தது. புருஷன் உள்ளே சாகக் கிடக்கும்போது பெஞ்சில் உட்கார்ந்து அவளால் பொறாமைப்படவும் முடிந்தது. அவள் அப்படித்தான்.

அவன் கண் விழித்தான். விழித்து, தண்ணீர் கேட்டு, யார் யார் நிற்கிறார்கள் என்று அடையாளம் சொல்கிற அளவுக்குத் தேறினான். அவளை உள்ளே விட்டார்கள். அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு முதல் கேள்வியாகக் கேட்டது இதைத்தான்:

"என் மாத்திரைய விட்டுட்டு அவ கஷாயத்தைத்தான் நம்புனீங்களா?"

அவன் வறண்ட உதட்டை நனைத்துக்கொண்டான். குரலில் கோபம் இல்லை, அதிசயம்தான் இருந்தது.

"நான் எங்க நம்புனேன்? போன வருஷம் ரெண்டும்தானே சாப்பிட்டேன், ரெண்டும் வயித்துல நின்னுச்சு. இந்தத் தடவ மாத்திரை போட்டா குமட்டுச்சு. கஷாயம் நின்னுச்சு. நீதானே சோறு போடும்போது சொன்ன, ரெண்டுல ஒண்ணுதான், சேத்தா ஈரல் போயிடும்னு. எது உள்ள நிக்குதோ அதை எடுத்துக்கிட்டேன். உங்கிட்ட சொன்னா கோச்சுக்குவ. அவகிட்ட சொன்னா ஊத்த மாட்டா." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "நீ சொன்னதத்தான் கேட்டேன்" என்றான்.

அவள் கையை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். இத்தனை வருஷமாக, தான் சொன்னதைக் கேட்டு எழுந்த ஒரு ஆளுக்காகக் காத்திருந்தாள். சொன்னதைக் கேட்டு விழுந்த ஆள் கட்டிலில் படுத்திருந்தான். அங்கே நின்றுதான் அவள் அழுதாள்.

அவனை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு ஒரு அதிசயம் நடந்தது. தெருவில் போகிறவர் வருகிறவரெல்லாம் மாத்திரையம்மாவைப் பார்த்து நின்றார்கள். "புருஷனையே மீட்டுக்கிட்டு வந்துட்டீங்களே!" என்றார் முட்டைக்காரர், ஒரு தட்டு முட்டையை நேராக அவள் கையில் கொடுத்தார். தையல்காரி கிழிந்த கோட்டை வாங்கிக்கொண்டு போய்த் தையல் தெரியாமல் தைத்துக் கொடுத்தாள். சூளையிலிருந்து வந்தவர்கள், பாக்கெட்டில் இருந்த மாத்திரையைக் கண்டுபிடித்ததே அவள்தான் என்றார்கள். யார் சொன்னது என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். கஷாயக்கா சொன்னாள்.

பழியை ஆம்புலன்ஸிலேயே எடுத்துக்கொண்டாள். இப்போது பேரையும் தூக்கி இவளுக்குக் கொடுத்துவிட்டாள். சத்தமில்லாமல், பாதி முட்டையைக் கொடுத்த மாதிரி. மாத்திரையம்மாவுக்கு வயிறு எரிந்தது. வாழ்நாளெல்லாம் ஏங்கிய வார்த்தை கடைசியில் வந்து சேர்ந்தது, அதுவும் அவள் கையால்! இதிலும் அவள்தானா ஜெயிக்க வேண்டும்? அந்த முட்டையை இந்தத் தடவை அவளால் வேகவைக்கவே முடியவில்லை. தட்டோடு கொண்டுபோய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்த அன்று வரிசை வாசல் வரை நின்றது. முதலில் வந்தவள் ஊருக்குப் புதியவள், இடுப்பில் குழந்தை. சீட்டை நீட்டிக்கொண்டே, "உங்க வீட்டுக்காரரு உங்களாலதான் பொழச்சாராமே! வரிசையில எல்லாரும் அதான் பேசிக்கிறாங்க" என்றாள். ஓட்டை வழியாக, அவள் இத்தனை காலம் எதிர்பார்த்த அதே இடத்தில், அதே வார்த்தை. மாத்திரையம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"என்னாலதான் விழுந்தாரு" என்றாள். வரிசையின் கடைசி ஆள் வரை கேட்கிற மாதிரி சொன்னாள். "ரெண்டுல ஒண்ணுன்னு நான் சொன்னேன்ல, அது பொய். டாக்டர் சொல்லல, புஸ்தகத்துல இல்ல. வயித்தெரிச்சல்ல நானாச் சொன்னது. மாத்திரைய விட்டா உயிர் போயிடும், அது மட்டும்தான் நிஜம்."

உள் அறையிலிருந்து டாக்டர் தலையை நீட்டிப் பார்த்தார். அவரிடம் தனியாகச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, அது அப்புறம். அவள் அட்டையைக் கத்தரித்தாள்.

"சாப்பிட்டுட்டு இந்த அட்டையோட கஷாயக்காகிட்ட போ. பிரிக்காமக் கொண்டுபோ. அவ கண்ணு முன்னால பிரிச்சு முழுங்கு, காலி அட்டைய அவ கூடையில போடு. அப்பத்தான் ஊத்துவா. இது முடியுற வரைக்கும் தினம் போகணும். புரியுதா?"

"புரியுதும்மா. அவங்களப் பத்தியும் வரிசையில சொன்னாங்க. வீடு எங்க இருக்கு?"

மாத்திரையம்மா தெருப்பக்கம் கையைக் காட்டினாள்.

"எங்க வீடுதான். என் ஓரகத்தி."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "அவங்க கூடவே இருக்கீங்களா! குடுத்து வெச்சவங்கம்மா நீங்க" என்று சொல்லிவிட்டு, குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, காட்டிய திசையில் வேகவேகமாக நடந்தாள். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. மாத்திரையம்மாவுக்கு வழக்கம்போல வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடு கையை நீட்டி, "அடுத்தது யாரு?" என்றாள்.